வீட்டை விற்கப் போகிறீர்களா? முதல் செலவு எனர்ஜி ஆடிட்டாக இருக்கட்டும்

வீட்டை விற்க முடிவெடுத்தவர்கள் என்னைப் போன்ற எனர்ஜி ஆடிட்டரை, அதாவது வீட்டில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்பவரை, கூப்பிடுவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். பெயின்ட் அடித்து, சமையலறையைப் புதுசாக்கி, ஜன்னல்களைக்கூட மாற்றி முடித்த பிறகு, வாங்க வந்தவர் "கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்று கேட்டதும்தான் ஆடிட் ஞாபகம் வருகிறது. அப்போது குறைகளைக் கண்டுபிடித்துச் சொன்னாலும் சரிசெய்யக் கையில் காசு இருக்காது, நாளும் இருக்காது. கடைசியில் அந்தக் குறைகளைக் காட்டி வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

ஆடிட்டில் என்னதான் நடக்கிறது? வாசல் நிலையில் துணித்திரையோடு ஒரு பெரிய விசிறியைப் பொருத்துவோம், இதற்கு புளோயர் டோர் என்று பெயர். மற்ற கதவு ஜன்னல்களை மூடிவிட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்து, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரவைப்போம். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர் வேகக் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வீட்டின் மீது வீசினால் எப்படியோ அப்படி. இந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று முழுவதும் எத்தனை தடவை மாறுகிறது என்று ஒரு எண் கிடைக்கும். மிகக் குறைந்த எனர்ஜியில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரத்துக்கு அது 0.6-ஐத் தாண்டக் கூடாது, காற்று ஒழுகும் பழைய வீடுகளில் 10-க்கு மேலும் போகும். அப்புறம், சுவரிலும் சீலிங்கிலும் இருக்கும் வெப்ப வித்தியாசத்தைப் படமாகக் காட்டும் இன்ஃப்ராரெட் கேமரா. உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை ஒன்றாக இருக்கும் நாளில் அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, 10 டிகிரி செல்சியஸாவது வித்தியாசம் இருந்தால் நல்லது.

சரி, காற்று எங்கே ஒழுகுகிறது? எல்லோரும் ஜன்னலைக் கை காட்டுவார்கள். பெரும்பாலும் நான் பார்ப்பது வேறு: பரணுக்கு ஏறும் மூடியின் விளிம்பு, சீலிங்கில் விளக்குக்காகப் போட்ட துளைகள், தண்ணீர்க் குழாயும் வயரும் சுவருக்குள் ஏறும் இடைவெளிகள். யார் கண்ணிலும் படாதவை, மலிவாக அடைத்துவிடக் கூடியவை. ஏசி அல்லது ஹீட்டர் காற்று டக்ட் (காற்றுக் குழாய்) வழியாகப் போகும் வீடு என்றால் டக்ட்டின் இணைப்புகளையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஒரு சராசரி வீட்டில் டக்ட்டில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது. ஒழுகல்களை முதலில் அடைக்க வேண்டும், வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் அதற்குப் பிறகு. கண்ணாடி இழை இன்சுலேஷன் காற்றைத் தடுக்காது, அதைப் பரப்பிவிட்டால் கீழே இருக்கும் ஓட்டைகளைத் தேடுவதும் கஷ்டம்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. புகைக்குழாய் வைத்த எரிவாயு வாட்டர் ஹீட்டரோ அடுப்போ வீட்டுக்குள் இருந்து காற்றை எடுத்து எரிகிறது என்றால், இடைவெளிகளை அடைத்த பிறகு புகைக்குழாய் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும். வீடு இறுகியபின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வெளியே போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வரலாம், அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. இந்தச் சோதனை இல்லாத ரிப்போர்ட்டை நான் முழு ரிப்போர்ட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"ஆடிட் எதற்கு, பழைய பில்லைக் காட்டினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். பில்லைக் காட்டுங்கள், ஆனால் அது அங்கே குடியிருந்தவர்களின் பழக்கத்தைப் பொறுத்தது. ஒரே அறையில் மட்டும் ஏசி போட்டு வாழ்ந்த இருவரின் பில்லை நம்பி ஆறு பேர் குடும்பம் வாங்கினால், முதல் பில்லிலேயே ஏமாந்துபோன உணர்வு வரும். வீட்டின் தரத்தைத் தனியாக அளக்க வேண்டும் என்று சட்டங்களே வந்திருப்பது இதனால்தான். விற்கும்போது எனர்ஜி சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே உத்தரவு போட்டது, அதன் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 10 ஆண்டு தாண்டிய வீடுகளை விற்க 2009 முதல் ஆடிட் தேவை. பிரான்ஸில், A முதல் G வரை போகும் எனர்ஜி தர வரிசையில் கடைசியில் நிற்கும் F, G தரத் தனி வீடுகளுக்கு 2023 ஏப்ரலில் இருந்தும், E தரத்துக்கு 2025 ஜனவரியில் இருந்தும் விற்கும்போது ஆடிட் கட்டாயம். உங்கள் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கும் வாங்குபவர் இருக்கிறார்.

ஜன்னலோ இன்சுலேஷனோ விற்பவர்கள் இலவசமாகச் செய்து தரும் 'ஆடிட்'டை நம்பி முடிவெடுக்காதீர்கள், அவர்கள் விற்கும் பொருளிலேயே அந்த ரிப்போர்ட் போய் முடியும். எதையும் விற்காத, முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்று வைத்திருக்கும் ஆளைப் பிடியுங்கள். வேலை முடிந்ததும் புளோயர் டோர் சோதனையை இன்னொரு தடவை செய்யச் சொல்லி, முன் எண், பின் எண் இரண்டையும், அடைத்த இடங்கள் மூடி மறைவதற்கு முன் எடுத்த படங்களையும், ரசீதுகளையும் சேர்த்து வாங்குபவரிடம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். சரிசெய்யாமல் விட்ட குறைகளும் அதில் இருக்கட்டும். மறைத்த குறை பின்னால் தெரியவந்தால் வரும் தகராறு, இப்போது குறையும் விலையைவிடப் பெரியது.

ஆடிட்டர் வரும் அன்று பரண் மூடிக்குக் கீழே இருக்கும் சாமான்களை நகர்த்தி வையுங்கள், கடைசி 12 மாத பில்களை எடுத்து வையுங்கள். கணப்பு இருக்கும் வீடு என்றால் சாம்பலை முந்தின நாளே அள்ளிவிடுங்கள், விசிறி ஓட ஆரம்பித்தால் அது வீடு முழுக்கப் பறக்கும்.