குளிர்காற்றிலிருந்து வெந்நீர் எப்படி வருகிறது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “இங்கிலாந்தில் என் மச்சான் வீட்டில் ஹீட் பம்ப் வைக்க அந்த அரசாங்கம் 7,500 பவுண்டு கொடுத்திருக்கிறது. வெளியே இருக்கும் குளிர்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுமாம். நம்பலாமா? நமக்கும் அப்படி ஏதாவது கிடைக்குமா?”

நம்பலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-ல் 5,000 பவுண்டில் தொடங்கிய மானியம் அது. 2023 அக்டோபரில் 7,500 ஆனது. பணத்தைக் கையில் தருவதில்லை. கருவியைப் பொருத்தும் நிறுவனமே விண்ணப்பித்து, பில்லில் கழித்துவிடும். அமெரிக்காவில் செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு 2,000 டாலர் வரை, வரியில் கழித்துக்கொள்ள விட்டார்கள். 2025 கடைசியோடு அது நின்றுபோனது. அங்கே பல மின் நிறுவனங்கள் தனியாகவும் தள்ளுபடி தருகின்றன. தாராள மனசெல்லாம் இல்லை. புதிதாக மின்நிலையம் கட்டுவதைவிட, மக்களைக் குறைவாக மின்சாரம் செலவழிக்க வைப்பது அவர்களுக்கு மலிவு.

சரி, கருவிக்கு வருவோம். ஏசியில் இருக்கும் அதே கம்ப்ரசர், அதே காயில் (குழாய்ச் சுருள்), அதே வாயு, திசைதான் வேறு. பலவற்றில் இருப்பது ஆர்-32. சாதாரண அழுத்தத்தில் அது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே 5 டிகிரி குளிர்காற்றுகூட அதற்கு அடுப்புதான்! காற்றின் சூட்டை வாங்கி ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தினால், குக்கருக்குள் தண்ணீரின் கொதிநிலை ஏறுவது போல இதற்கும் ஏறுகிறது. இப்போது 60 டிகிரியிலேயே திரவமாகிவிடும். வாங்கிய சூட்டையெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிடும்.

மின்சாரம் இங்கே சூட்டை உண்டாக்கவில்லை, இடம் மாற்றத்தான் செய்கிறது. அதனால்தான் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கிறது. மூலிகைப் பெட்ரோல் பார்த்த ஊர் என்பதால் ‘ஒன்றுக்கு மூன்று’ என்றாலே நமக்குச் சந்தேகம் வரும், வரட்டும், நல்லதுதான். ஆனால் இதில் கணக்கு இடிக்காது, மீதி இரண்டும் காற்றிலிருந்து வந்தவை. 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற கீசருக்கு 3 யூனிட்டுக்கு மேல் வேண்டும், இதற்கு ஒன்றுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் நம் கடற்கரையில்தான் இருக்கிறது. மண்டபத்திலோ தொண்டியிலோ காற்று எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். அந்த ஈரமும் சூட்டுச் சேமிப்புதான்: கடல்நீரை ஆவியாக்க வெயில் செலவிட்ட ஆற்றல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. குளிர்ந்த காயிலில் பட்டு ஆவி மறுபடி நீராகும்போது அந்த ஆற்றல் வெளியே வந்தாக வேண்டும். காயிலிலிருந்து ஒரு லிட்டர் நீர் சொட்டினால், ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு சூடு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மச்சான் ஊர்க் குளிரில் அதே ஈரம் பனியாகக் காயிலில் ஒட்டிக்கொள்ளும். அதை உருக்க இயந்திரம் அவ்வப்போது தலைகீழாக ஓடி, எடுத்த சூட்டில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

நம் தொல்லை உப்பு. பாம்பனில் கடலைப் பார்த்து மாட்டிய பழைய ஏசி வெளிப்பெட்டியின் பின்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் குட்டி பேட்டரியாகிவிடும். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். பூச்சுள்ள காயில் வாங்க வேண்டும், கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்து மாட்ட வேண்டும், அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மானியமா? பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் கிடைக்கும், ஆனால் அது கூரையில் வைக்கும் சோலார் தகட்டுக்கு மட்டும். என்னைக் கேட்டால், ஹீட் பம்புக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்குக் கொடுக்கலாம். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு நனைந்து வருகிறவர்கள் ஆண்டு முழுக்க வெந்நீர் கேட்கிறார்கள். வீடுகளுக்கு அப்புறம் கொடுத்தால் போதும். நம் வெயிலில் பாதி நாள் மாடித் தொட்டித் தண்ணீரே சூடாகத்தான் வருகிறது. எப்படிக் கொடுத்தாலும், கடலோர மாவட்டங்களில் பூச்சுள்ள காயிலுக்குத்தான் பணம் என்று விதியில் ஒரு வரி சேர்க்கட்டும்.