ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியும் திங்கட்கிழமை முட்டிவலியும்

இந்தத் திங்கட்கிழமையும் என் பிசியோதெரபி கிளினிக் வாசலில் அதே கூட்டம். ஒருத்தர் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிவிட்டுக் குதிகால் வலியோடு வந்திருக்கிறார். இன்னொருத்தர் ஆறு நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழாம் நாள் அழகர்மலையில் நூபுர கங்கை வரை நடந்தே ஏறி இறங்கி, இப்போது முட்டியை மடக்க முடியவில்லை. கேட்டால், "வார நாளில் நேரமே இல்லை சார்."

நம்புகிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்குகிறவரிடம் தினம் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க என்று சொல்ல எனக்கே வாய் வராது. ஆனால் "முழுசா ஒரு மணி நேரம் இருந்தால்தான் பலன், பத்து நிமிஷத்தில் என்ன ஆகிடப் போகுது" என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. யார் சொன்னது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பு அதில், ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020 வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் வேகமாக நடந்தாலும் கணக்கில் சேரும், இரண்டு மாடி ஏறினாலும் சேரும். வாரக் கடைசியில் மட்டும் செய்தால் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பழகாத உடம்பில் திடீரென்று செய்தால் இப்படித்தான் வலிக்கும்.

பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, தோள் இறுகிப்போய், கொண்டை போடக்கூடக் கை தூக்க முடியாமல் வந்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் (அதைத் தனியாக எழுத வேண்டும்). வியாபாரம் ஓயும் நேரத்தில் கடைச் சுவரில் விரலால் நடந்தபடி கையை மேலே ஏற்றி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. இப்போது கோடு தலைக்கு மேலே போய்விட்டது, கொண்டையும் அவரே போட்டுக்கொள்கிறார். வீட்டில் சும்மா இருக்கும் என் நோயாளிகள் பலர் இதில் பாதிகூடச் செய்வதில்லை!

மலை ஏற ஆசையா, முதலில் தினமும் வீட்டுப் படியில் பழகுங்கள். இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்காதீர்கள். நெஞ்சு கனத்தாலோ மூச்சு முட்டினாலோ என்னிடம் வராதீர்கள், நேரே டாக்டரிடம் ஓடுங்கள். அப்புறம், தயவுசெய்து, புது ஷூவை ஞாயிற்றுக்கிழமைக்கென்று பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் இன்று கடை அடைத்ததும் அதை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வாங்க.