ஷவர் ஒழுகினால் கட்டிங் பிளேயரைக் கையில் எடுக்காதீர்கள்

போன வாரமும் அதே கதைதான். வேளச்சேரிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட், மூன்றாவது மாடி. ஷவர் சொட்டியிருக்கிறது, வீட்டுக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை என்றதும் கட்டிங் பிளேயரைப் போட்டு ஒரே முறுக்கு. கைப்பிடி மாட்டியிருக்கும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், கழுத்தோடு முறிந்து, சொட்டிய தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மொட்டைமாடிக்குப் போய் மொத்த பிளாக்குக்கும் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். பிளம்பரான நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற வீட்டுக்காரர்களின் கோபமெல்லாம் என்மேல்தான் வந்தது. முறிந்த ஸ்பிண்டில்களை எடுத்து எடுத்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்ற எண்ணம் பழைய பித்தளைக் குழாய்களோடு வந்தது. அதில் திருகத் திருக மரை போட்ட தண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கும் ரப்பர் வாஷரை அழுத்தும். வாஷர் தேய்ந்துபோனாலும் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொஞ்ச நாள் ஓட்டலாம். இப்போது நீங்கள் வாங்கிப் போட்டிருப்பதில் பெரும்பாலும் அந்த வாஷரே கிடையாது. உள்ளே துளை போட்ட இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். துளைகள் நேராக வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும், அவ்வளவுதான். கால் சுற்று திரும்பியதும் கைப்பிடி ஒரு தடுப்பில் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் நீங்கள் எவ்வளவு பலம் போட்டாலும் அது தட்டுக்குப் போகாது, அந்தத் தடுப்புக்கும் ஸ்பிண்டில் கழுத்துக்கும்தான் போகும். தட்டில் மணல் கீறியிருந்தால், உப்பு படிந்திருந்தால், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் நைந்திருந்தால் ஒழுகத்தான் செய்யும், இறுக்குவதால் அதில் ஒன்றுகூடச் சரியாகாது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஓடுகிற வீடுகளில் இது சீக்கிரமே வரும்.

இன்னொன்று. ஷவரை மூடிய பிறகு ஓரிரு நிமிஷம் சொட்டுவது ரிப்பேரே இல்லை. அகலமான ஷவர் தலையில் தேங்கிய தண்ணீர் மெதுவாக வடிகிறது. தலையை லேசாகச் சாய்த்துவிட்டால் வடிந்துவிடும். அரை மணி நேரம் கழித்தும் சொட்டினால் என்னைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காசு விஷயம். "என்னப்பா, ஒரு சின்ன சாமானுக்கு இவ்வளவா?" என்று கேட்கிறவர்கள், அந்தச் சாமானை எடுப்பதற்குள் உப்பில் இறுகிப்போன ஸ்க்ரூவோடு நான் போராடியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவர்கள்தான். ஒரே கைப்பிடி வைத்த குழாய்க்குள், அந்த செராமிக் தட்டுகளோடு மொத்தமாக வருகிற உள்பாகம்தான் சிங்கிள் லீவர் காட்ரிட்ஜ். அதில் 35 மில்லிமீட்டரும் உண்டு, 40 மில்லிமீட்டரும் உண்டு. ஒரே அளவு என்றாலும் உயரமும் அடியில் நீட்டியிருக்கும் சின்ன முளைகளின் இடமும் பிராண்டுக்கு பிராண்டு மாறும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து வரவழைத்துவிட்டு, "இதைப் போடு, கூலி மட்டும் வாங்கிக்கொள்" என்றால், பொருந்தாத சாமானை நான் எப்படிப் பொருத்துவேன் சொல்லுங்கள்.

"டைல்ஸ் உடைக்கக் கூடாது" என்று வாசலிலேயே நிபந்தனை போடுகிறீர்கள். உடைப்பதில் எனக்கும் ஆசை இல்லை. தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடுகிற டைவர்ட்டர் சுவருக்குள் இருக்கும். அதில் உள்பாகம் மட்டும் போயிருந்தால் முன்பக்கத் தகட்டைக் கழற்றி மாற்றிவிடலாம், டைல்ஸைத் தொடவே வேண்டாம். பாடியே விரிசல் விட்டிருந்தாலோ சுவருக்குள் பைப் ஜாயிண்ட் விட்டிருந்தாலோ வேறு வழி கிடையாது, வெளியே எவ்வளவு எம்-சீல் அப்பினாலும் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடும். வீடு கட்டும்போதே நாலைந்து டைல்ஸ் எடுத்து வையுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப் போகிற சுவரை போட்டோ எடுத்து வையுங்கள். குழாய் வாங்கிய பில்லையும் வாரண்டி கார்டையும் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டி இருக்கிற சாமானுக்குப் பணம் கொடுத்து மாற்றுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது.

மேல்மாடி வீட்டில் பெரிய ரெயின் ஷவரை மாட்டச் சொல்லிவிட்டு "ப்ரஷரே இல்லையே" என்று பிளம்பரைத் திட்டாதீர்கள். தொட்டித் தண்ணீர் ஷவரிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ ப்ரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) வரும். உங்கள் தொட்டி தலைக்கு மேலே 3 மீட்டரில் இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஷவர் வாங்கும்போதே குறைந்தபட்சம் எவ்வளவு ப்ரஷர் வேண்டும் என்று கடையில் கேளுங்கள்.

ஷவர் துளை அடைத்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், குரோம் பூச்சு உரிந்துவிடும். வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தாலே போதும். பாத்ரூம் தண்ணீரை நிறுத்தும் வால்வு எது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள், மாதம் ஒருமுறை அதை மூடித் திறங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அசையாது.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கீசர் சூடாகும்போது அதன் சேஃப்டி வால்வில் கொஞ்சம் சொட்டும். சூட்டில் விரிகிற தண்ணீர் வெளியேற அதுதான் வழி. அதையும் ஒழுகல் என்று நினைத்து டம்மி மூடி போட்டு அடைத்து வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழியை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டாங்க் வெடிக்கும். அடைத்திருந்தால் இன்றைக்கே கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். டம்மியை நீங்களே கழற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும்.