எரிசோடா

கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையில் ஒரு சாயக் கொட்டிலில் நின்றபோது காதில் விழுந்த பேச்சு. "காக்கா, சோடா எவ்வளவு போட்டீங்க?" "ரெண்டு சிரட்டை." வெளியாள் யாரும் கேட்டிருந்தால் அப்பச்சோடா என்றுதான் நினைத்திருப்பார். அவர்கள் சொன்னது கோஸ்டிக் சோடாவை. கைத்தறி நூலுக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில், ஹைட்ரோஸ் என்ற இன்னொரு சாயமருந்தோடு சேர்த்துக் கரைக்கிற வெள்ளைச் செதில் அது. பேச்சில் தலை உதிர்ந்து வால் மட்டும் மிஞ்சிவிட்டது. ஆபத்தைச் சொல்வது அந்தத் தலைதான்.

'கோஸ்டிக்' கிரேக்க வழிச் சொல். எரிக்க வல்லது என்று பொருள். 'சோடா' என்பதோ முதலில் சாம்பலின் பெயர். நம் வாவிக்கரை உவர்த்தரையில் வளரும் உமரிக்கு இனமான செடிகளைச் சுட்டெடுத்த சாம்பல். கார வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அல்கலி' அரபு மொழியிலிருந்து போனது. அதற்கும் பொருள் அதே செடிச்சாம்பல்தான். 1807இல் ஹம்ஃப்ரி டேவி உருகிய கோஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி ஒரு புது உலோகத்தைப் பிரித்தார். சோடாவிலிருந்து வந்ததால் அதற்குச் சோடியம் என்று பெயர் வைத்தார்.

ஆக, சோடா என்பது ஒரு குடும்பப் பெயர். அப்பச்சோடா வயிற்றுக்குள் போகலாம். சலவைச் சோடா கையை வறட்டும். மூன்றாவதான கோஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, தோலைத் தின்னும். மூன்றும் வெள்ளை என்பதுதான் சங்கடம்.

தின்னும் என்று சும்மா சொல்லவில்லை. கரைசல் விரலில் பட்டால் முதலில் வழுவழுவென்று இருக்கும். "சவுக்காரம் மாதிரித்தானே, மறுகா கழுவுவம்" என்று விட்டுவிடுவார்கள். உண்மையிலேயே அது சவர்க்காரம்தான்: தோலிலுள்ள கொழுப்பை அந்தக் காரம் சவர்க்காரமாக்கிக்கொண்டிருக்கிறது. தேங்காயெண்ணெயைச் சவர்க்காரக் கட்டியாக்கும் அதே வேலை, நம் விரலில் நடக்கிறது. எரிவு பிந்தித்தான் தெரியும். கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். புளி, வினாகிரி ஊற்றி முறிக்கப் பார்ப்பது கூடாது.

கரைக்கும்போது தண்ணீர் தானாகவே கொதிக்குமளவு சூடேறும். அதனால் செதிலைத் தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாக இடவேண்டும். செதிலின்மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்துக்குத் தெறிக்கும். அலுமினியச் சட்டி ஆகவே ஆகாது. சட்டியையே அரித்து, தீப்பற்றும் ஐதரசன் வாயுவைக் கிளப்பும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காரம்' பழகிய சொல்; வடமொழி 'க்ஷார' வழி வந்தது. சவர்க்காரத்தில் இருப்பதும் அதே காரம்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை காரம் என்று படிப்பதை நம் பாடப்புத்தகம் மூலம் என்கிறது. தண்ணீரில் கரையும் மூலத்தைத்தான் நாம் காரம் என்கிறோம். மிளகாய்க்கு நமக்கு உறைப்பு இருப்பதால் அந்தக் குழப்பமாவது இல்லை. முழுத் தமிழாக 'எரிகாரம்' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எரிபொட்டாசும், அதாவது பொட்டாசியம் ஐதரொட்சைட்டும், எரிக்கும் காரம்தானே, எதை என்று கேட்பார்கள். பாடநூல்களில் வந்த 'எரிசோடா' என்பதே எனக்குப் பொருத்தம். பாதி கடன் சொல்தான், இருக்கட்டும். தலையை உதறினால் மறுபடி வெறும் சோடாவாகிவிடும் என்ற ஆபத்து இதற்கும் உண்டு. ஆனால் 'எரி' நமக்கு விளங்கும் சொல், 'கோஸ்டிக்' போல வாயில் நசிந்து போகாது.

இது நெசவுக்காரர் பாடு மட்டுமல்ல. வைக்கோலிலிருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையை நினைத்துப் பாருங்கள்; வைக்கோலை எரிசோடாவில் அவித்து நாரைப் பிரிப்பது அந்தத் தொழிலின் வழமை. இப்போது வீட்டில் சவர்க்காரம் செய்யப் பழகும் பெண்களும் இதைத்தான் வாங்குகிறார்கள்.

அன்றைக்கு அந்தக் கொட்டிலில் மிச்சக் கரைசலை ஊற்றி வைத்திருந்தது பழைய சோடாப் போத்தலொன்றில். மேலே ஒன்றும் எழுதவில்லை. எரிசோடா, நாலே எழுத்து. சாயக் குச்சியாலேயே எழுதியிருக்கலாம்.