டென்ஷன்: இறுகுவதும் இறுக்குவதும்

"ஒரே டென்ஷனா இருக்கு." பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் மாதம் இதைக் கேட்காத நாள் குறைவு. இழுப்பதையும் நீட்டுவதையும் குறிக்கும் 'டெண்டெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. நம் இயற்பியல் பாடநூல் இதை இழுவிசை என்கிறது. வாளி தொங்கும்போது கிணற்றுக் கயிறு விறைக்கிறதே, அதுதான்.

கூடவே புழங்கும் 'ஸ்ட்ரெஸ்', இறுகக் கட்டியதைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாடநூலில் அது தகைவு. 1936இல் ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் தொடங்கிவைத்த ஆய்வுகளை ஒட்டித்தான் அந்தச் சொல் மருத்துவத்தில் வேரூன்றியது.

பத்திரிகைகள் இரண்டையும் 'மன அழுத்தம்' என்றே எழுதுகின்றன. டிப்ரெஷனுக்கும் அதே சொல்தான். தேர்வுக்குப் பயப்படும் பிள்ளையையும் மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளையையும் ஒரே சொல்லால் சுட்டுவது ஆபத்து. பின்னதற்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. டென்ஷனுக்கு நான் சொல்வது 'மன இறுக்கம்'. இழுத்த கயிறு இறுகத்தானே செய்யும், அதனால் வேர்ப்பொருளும் ஒத்துவருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. இறுகு, இறுக்கு, நெகிழ், நெகிழ்த்து. தானாக நடப்பதற்கு ஒரு வினை, நாம் செய்வதற்கு ஒரு வினை.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். கணக்குத் தாளில் முதல் ஐந்து மதிப்பெண் கேள்வியே புரியவில்லை என்றால் தோள் மேலேறும், பேனாவைப் பிடித்த விரல் நுனி வெளுக்கும். யாரும் இறுக்குவதில்லை, அதுவாக இறுகுகிறது. வீட்டில் கணக்கு வராதபோதெல்லாம் நோட்டை மூடிவிட்டு போனை எடுத்த கைக்கு அங்கே வேறு வழி தெரியாது.

நெகிழ்த்துவது நம் வேலை. பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக விட்டு, தெரியாத கேள்விகளை எண்ண வேண்டும். 'எண்ணு' என்றால் நினை, கணக்கிடு என்று இரண்டு பொருளும் உண்டு. பயந்த மனம் 'எல்லாம் போச்சு' என்கிறது. எண்ணிப் பார்த்தால் தெரியாதவை மூன்றுதான் இருக்கும்.

சரி, அந்த நிதானம் தேர்வறையில் திடீரென்று வருமா? வராது. இங்கேயும் ஒரு ஜோடி இருக்கிறது: பழகு, பழக்கு. திருப்புதல் தேர்வு ஒவ்வொன்றிலும் கேள்விகளை எண்ணிவிட்டுத்தான் எழுதத் தொடங்குவது என்று கையைப் பழக்க வேண்டும். முதல் சில தடவை வலிந்துதான் செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் மார்ச்சில் யாரும் சொல்லாமலே கை பேனாவைக் கீழே வைக்கும்.