மேலே வெதுவெது, கீழே சில்

சித்திரை வெயிலில் கொங்கு நாட்டுக் கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்கு இது தெரியும். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முங்கி ஓர் ஆள் ஆழம் போனால் உடம்பு சில்லிட்டுவிடும். ஒரே கிணறு, ஒரே ஊற்று, நடுவில் தடுப்பும் கிடையாது. அப்புறம் ஏன் இரண்டும் கலப்பதில்லை?

வெயிலாக வந்து இறங்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் முதல் ஒரு மீட்டர் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. சூடேறிய தண்ணீர் விரிந்து லேசாகி, எண்ணெய் மாதிரி மேலேயே மிதக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை சுமார் 995.7 கிலோ. 26 டிகிரியில் 996.8 கிலோ. ஒரு கிலோ சொச்சம்தான் வித்தியாசம், ஆனால் லேசான காற்று அடித்துக் கலக்கிவிட முடியாதபடி அடுக்கு கட்ட அது போதும்.

பனி உறையும் ஊர்களில் கணக்கு தலைகீழ். தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்குக் கீழே குளிரக் குளிர மறுபடி லேசாகும். அதனால்தான் கடுங்குளிரில் ஸ்ரீநகரின் தால் ஏரி மேலிருந்து உறைகிறது. கனமான தண்ணீர் அடியில் உறையாமல் நிற்க, மீன்கள் அங்கே பிழைத்துக்கொள்கின்றன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 0 டிகிரித் தண்ணீருக்கும் 4 டிகிரித் தண்ணீருக்கும் கன மீட்டருக்கு வெறும் 130 கிராம்தான் வித்தியாசம். நம் ஊர் வெப்பத்தில் அதே 4 டிகிரி இடைவெளி அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் எடை வித்தியாசம் காட்டுகிறது. ஏரி அடுக்கடுக்காக நிற்பதைக் குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்போம். உண்மையில் சூடான தண்ணீர்தான் டிகிரிக்கு டிகிரி அதிகம் பிரிகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் ஊட்டி. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், பக்கத்திலேயே ஏரி உறையாமல் இருக்கும். புல் மெல்லியது, இருக்கிற வெப்பத்தை இரவில் வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரம் உறைந்துவிடும். ஏரியில் மேல் தண்ணீர் குளிர்ந்தால் கனமாகிக் கீழே இறங்கும், கீழிருந்து சூடானது மேலே வரும். மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு இறங்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. அதற்குள் விடிந்துவிடும்.

சமவெளியிலும் இரவில் இதேதான் நடக்கிறது. ஆவியாதலும் கை கொடுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்குவதைப்போல ஏழு மடங்கு வெப்பம் வேண்டும். அதை மேல்மட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆழமில்லாத குளம் பெரும்பாலும் ஓர் இரவிலேயே அடிவரை கலந்துவிடும். மேட்டூர், பவானிசாகர் மாதிரி ஆழமான அணைகளுக்கு அது போதாது. அங்கே பெரிய வேலையைச் செய்வது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் சீறி வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது, அமராவதி, திருமூர்த்தி அணைகளின் தண்ணீரையும் கிளறிவிடுகிறது. குளிர்நாட்டு ஏரிகள் இலையுதிர் காலத்தில் குளிர்ந்து புரளும். நமக்கு ஆடி.

அடுக்கு பிரிந்தே கிடந்தால் அடித்தண்ணீருக்குக் காற்றுத் தொடர்பு அறுந்துபோகும். வண்டலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு: 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் பிடிக்கும், 30 டிகிரியில் 7.6 தான். இந்த நிலையில் கோடை மழை ஒன்று கொட்டினால் குளிர்ந்த மழைநீர் அடிக்கு இறங்கி, அங்கே கிடந்த கெட்ட தண்ணீரை மேலே தள்ளும். மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கும். உடனே, “ஏனுங்க, எவனோ மருந்தைக் கலந்துட்டானுங்க” என்று பேச்சு கிளம்பும். சில இடங்களில் கழிவு கலப்பதும் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மழைக்கு மறுநாள் என்றால் முதல் சந்தேகம் ஆக்சிஜன் மேல் இருக்க வேண்டும்.

உலகெங்கும் 235 ஏரிகளை ஆராய்ந்ததில், 1985 முதல் 2009 வரை கோடையில் மேல்மட்டம் சராசரியாகப் பத்தாண்டுக்கு 0.34 டிகிரி சூடேறியிருப்பது தெரிந்தது. எண் சிறியதுதான். ஆனால் சூடான தண்ணீரில் ஒவ்வொரு டிகிரிக்கும் எடை வித்தியாசம் கூடுவதால், இங்கே அடுக்கு இன்னும் கெட்டிப்படும், அதை உடைக்கக் காற்று இன்னும் பலமாக அடிக்க வேண்டும்.

ஆகவே மீன் செத்த குளத்தைப் பரிசோதிக்கப் போகிறவர்கள் மத்தியானம் போய்க் கரையோரத்தில் ஒரு பாட்டில் மொண்டு வந்தால் பயனில்லை. அந்த நேரத்தில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து மேல்மட்டத்தில் ஆக்சிஜனை நிறைத்து வைத்திருக்கும். விடியலுக்கு முன்னால், குளத்தின் நடுவில், அடித்தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.