முக்கால் ஜல்லி மேல் ஒரு டாங்கி

கொலுவில் பார்க் வைத்துப் பழகிய வீட்டுக்காரர்களுக்கு டயோரமா என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. மண், செடி, நாலு மனிதர், ஒரு நிகழ்ச்சி, எல்லாம் ஒரு பலகைக்குள். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கொலு பார்க்கில் யானையைவிட செட்டியார் பொம்மை பெரிதாக இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ராணுவ டயோரமாவில் கேட்பார்கள்.

புதுச்சேரியில் கட்டட மாடல்களும் அருங்காட்சியகக் காட்சிகளும் செய்து கொடுப்பது என் தொழில். கொஞ்ச காலமாகக் கல்லூரிப் பிள்ளைகள் ராணுவ மாடல்களை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறார்கள். கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்தும் வருகிறார்கள். பாகங்களாக வாங்கி ஒட்டும் கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார்கள், தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார்கள். "எப்படி சார் இருக்கு?" என்றால் "சூப்பர் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. கைத்திறமையில் அவர்களிடம் குறை அதிகம் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் செய்து முடித்த மாடல்களை யூடியூபில் பார்த்து அதைப்போலவே செய்கிறார்கள். மண்ணையும் இரும்பையும் பழைய போர்ப் படங்களையும் பார்ப்பதில்லை. நகலுக்கு நகல் எடுத்தால் முதல் ஆள் செய்த தப்பு இன்னும் பெரிதாகத்தானே வரும்?

ஒரு மாணவர் கொண்டுவந்த லோங்கேவாலா காட்சியை வைத்தே சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தானின் தார் பாலைவனம். எல்லையை ஒட்டிய ஒரு காவல் நிலையைப் பஞ்சாப் ரெஜிமெண்டின் 23ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி காத்து நிற்கிறது. பாகிஸ்தானின் டைப் 59, ஷெர்மன் டாங்கிகள் வருகின்றன. பல டாங்கிகள் இளமணலில் சிக்குகின்றன. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்து தாக்குகின்றன. மாணவரின் பலகையில் இருந்தது மணலில் சிக்கிய ஒரு டைப் 59, எதிரே 106 மி.மீ. பின்னுதைப்பில்லா பீரங்கி ஏற்றிய ஜீப், நாலு சிப்பாய்கள். அளவு 1/35, அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. டாங்கியில் ஒட்டு வேலை அவ்வளவு சுத்தம், ஓர் இணைப்புக் கோடு தெரியவில்லை.

ஆனால் மணல் வீராம்பட்டினம் கடற்கரையில் அள்ளியது.

இதில் என்ன தப்பு என்று கேட்டார். கணக்குப் போடச் சொன்னேன். அரை மில்லிமீட்டர் மணல்பருக்கை 1/35 உலகத்தில் பதினேழரை மில்லிமீட்டர். கட்டட வேலை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும், அது கான்கிரீட்டுக்குப் போடுகிற முக்கால் ஜல்லி. அந்த டாங்கி பாலைவனத்தில் சிக்கவில்லை, ஜல்லிக் குவியல்மேல் நிற்கிறது. நம் கண்ணுக்கு மணல் மணலாகத்தான் தெரியும். பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் மனிதனை நிறுத்தியதும் கண் அந்த மனிதனை வைத்து அளக்க ஆரம்பித்துவிடும். பார்ப்பவருக்கு எது உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது, "பொம்மை மாதிரி இருக்கு" என்பார். தவிர, கடல் மணலில் உப்பு இருக்கிறது. ஈரத்தை இழுக்கும், சில மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும்.

நான் செய்வது இது. நன்றாகக் காய்ந்த மண்ணை அம்மியிலோ உரலிலோ பொடித்து, மல் துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்வேன். சித்த வைத்தியர் சூரணத்துக்குச் சலிக்கிற அதே வேலைதான். அடித்தளத்துக்குத் தெர்மாகோல், அதன்மேல் வால் புட்டியும் ஃபெவிகாலும் அக்ரிலிக் வண்ணமும் கலந்த பூச்சு, அது முழுக்க இறுகுமுன் இந்தத் தூளைத் தூவுவேன். ஆரோவில் பக்கத்துச் செம்மண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று எல்லாக் காட்சிக்கும் அதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தார் பாலைவனம் வெளிறிய மஞ்சள். செம்மண் போட்டால் போர் வானூரில் நடந்ததாகிவிடும்.

அடுத்தது எடை. டைப் 59 சுமார் 36 டன். அந்த எடை மண்ணில் தெரிய வேண்டும். மாணவரின் டாங்கியை மணல் காய்ந்த பிறகு மேலே தூக்கி வைத்திருந்தார். மேசைமேல் போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக் காட்டினேன், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைக்கும் மணலுக்கும் நடுவே வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. சிக்கிய டாங்கி என்றால் பட்டை குறைந்தது பத்து சென்டிமீட்டராவது புதைந்திருக்கும், பலகையில் மூன்று மில்லிமீட்டர். பூச்சு ஈரமாக இருக்கும்போதே டாங்கியை ஒரு பாலிதீன் தாள்மேல் வைத்து அழுத்தி எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, டாங்கிக்குப் பின்னால் தடமே இல்லை. வானத்திலிருந்து இறங்கியதா? லோங்கேவாலாவில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரிவதே பட்டைகள் மணலில் சுற்றிச் சுற்றிப் போட்ட கோடுகள்தான். அதை விட்டால் காட்சியில் பாதி போச்சு.

பட்டையிலும் ஒரு விஷயம் இருந்தது. கிட்டில் வந்த ரப்பர் பட்டை, மாவு மில் பெல்ட் இழுத்துக் கட்டியதுபோல விறைப்பாக நின்றது. டைப் 59 எந்தக் குடும்பத்தில் வந்ததோ அந்த டி-54 வகையில் பட்டையை மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. பட்டையின் மேல்பகுதி தன் எடையில் தொய்ந்து சக்கரங்கள்மேல் படுத்திருக்கும். ஷெர்மனில் தாங்கும் உருளைகள் உண்டு, அங்கே இவ்வளவு தொய்வு வராது. ரப்பர் பட்டையைத் தொய்வாக்க, சக்கரத்தின் மேல் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்து, ஸ்பாஞ்சுத் துண்டு திணித்து அழுத்தி, பிடிக்கும்வரை விட்டுவிட்டால் போதும். சின்ன வேலை. ஆனால் அதைச் செய்ததும் வண்டிக்கு எடை வந்துவிடுகிறது.

துருவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாம் கடலோரத்துக்காரர்கள். ஜன்னல் கிரில் இரண்டு வருடத்தில் பொரிந்துவிடும், துறைமுகத்தில் விசைப்படகு இரும்பெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் வழியும். இரும்பு என்றாலே நம் பிள்ளைகளுக்கு அந்த நிறம்தான் நினைவுக்கு வருகிறது. பாலைவனக் காற்று காய்ந்தது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் டாங்கி துருவால் மூடப்பட்டிருக்காது. தூசியால் மூடப்பட்டிருக்கும். பட்டையின் தரையில் உரசும் பக்கம் மணல் தேய்த்துத் தேய்த்து எவர்சில்வர்போலப் பளபளக்கும். பெயிண்ட் உரிந்தது என்று ஒரு மில்லிமீட்டர் புள்ளி வைத்தால் அது நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் ஓட்டை. உடம்பெல்லாம் அப்படி வைத்தால் வண்டிக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடும். ஒரு கறை வைப்பதற்கு முன்னால் அதை வைத்தது யார் என்று கேளுங்கள். ஏறி இறங்கிய ஆளின் பூட்ஸா, டீசல் ஊற்றியபோது வழிந்ததா, மழையா? பதில் இல்லையென்றால் அந்தக் கறை வேண்டாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் டீ குடிக்க வந்தார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜீப்புக்குப் பின்னால் குண்டைக் கையில் ஏந்தி நின்ற சிப்பாய்மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்த ஆள் செத்துட்டான்."

மாணவருக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். பின்னுதைப்பில்லா பீரங்கி சுடும்போது வண்டியைப் பின்னால் தள்ளாமல் இருப்பதற்குக் காரணம், வெடிமருந்துப் புகையும் நெருப்பும் பின்பக்கத் துளைகள் வழியே பீறிட்டு வெளியேறுவதுதான். முன்னால் போகிற குண்டின் விசையை அது சரிக்கட்டும். அதனால்தான் சாதாரண ஜீப்பில் அத்தனை பெரிய பீரங்கியை வைக்க முடிகிறது. சுடும் நேரத்தில் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள், குண்டு போடுகிறவர் பக்கவாட்டுக்கு ஒதுங்கிவிடுவார். பீரங்கி சுட்டவுடன் பின்னால் மணல் மேகம்போல எழும், எதிரிக்கு இடம் தெரிந்துவிடும், உடனே ஜீப்பை நகர்த்தியாக வேண்டும். இவ்வளவும் ஒரு பொம்மை நின்ற இடத்துக்குள் இருந்தது. அந்தச் சிப்பாயை இரண்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி, ஜீப்புக்குப் பின்னால் மணலை விசிறிபோலச் சீவிவிட்டோம். காட்சிக்கு உயிர் வந்தது அங்கேதான்.

போகிற போக்கில் ஹவில்தார் இன்னொன்றும் சொன்னார்: "டிசம்பர் ராத்திரி அங்கே அரைக்கைச் சட்டையா? பல்லு கிட்டிடும்."

மாணவர் வீட்டுக்குப் போய் இணையத்தில் படத்தைப் போட்டாராம். அங்கே ஒருவர் வேறு குறை கண்டுபிடித்திருக்கிறார். அது டி-55 கிட், டைப் 59இல் பீரங்கியோடு சுழலும் கோபுரத்தின் கூரையில் குமிழ்போல ஒரு காற்றோட்ட மூடி இருக்கும், டி-55இல் அது கிடையாது, மாடலிலும் இல்லை. உண்மைதான். சரிசெய்ய ஒரு பிளாஸ்டிக் குமிழ் போதும். செய்தால் நல்லது. ஆனாலும் விமர்சனத்தில் இதையும் பீரங்கிக்குப் பின்னால் நின்ற ஆளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு ஒப்பாது. ஒன்று பொருளின் குறை, மற்றது நடந்ததையே மாற்றும் குறை. டாங்கியின் ஆணியைக்கூட எண்ணிக் குறை சொல்கிறவர்கள் முதல் வகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை ஓட ஓட விரட்டுகிறார்கள். துப்பாக்கி விஷயம் நடுவில் வரும்: 1971இல் நம் காலாட்படையிடம் இருந்தது எஸ்.எல்.ஆர்., கையில் இன்சாஸ் கொடுத்தால் இருபது வருடம் தள்ளிப்போய்விடும். அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

விமர்சிக்கக் கூப்பிட்டால் நான் முதலில் பெயிண்டைப் பார்ப்பதில்லை. குனிந்து, கண்ணைப் பலகையிலிருந்து நாலரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோவேன். 1/35இல் ஒரு சிப்பாயின் கண் இருக்கும் உயரம் அது. முடியாதவர்கள் போன் கேமராவை அங்கே வையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது மறைந்திருந்த எல்லாம் அங்கே தெரியும்: மிதக்கிற பூட்ஸ், யாரையும் பார்க்காத முகம், ஒரே திசையில் வாரிவிட்ட புல். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். வண்ணம் போனதும் நிழல் சரியில்லாத இடம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கப்புறம்தான் பேச்சு. பேசும்போதும் "இது தப்பு" என்பதைவிட "இந்த ஆள் எங்கே பார்க்கிறான்?" என்று கேட்டால் செய்தவரே கண்டுபிடித்துவிடுகிறார்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. எல்லாரும் ஜெர்மன் டாங்கியும் நார்மண்டியும் செய்கிறார்களே, நம் கடலூரையும் யாராவது செய்யலாம். 1783 ஜூன் 13 அன்று ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை, புஸ்ஸியின் பிரெஞ்சு அரண்வரிசைகள்மேல் மோதியது இங்கேதான். அந்த மாத இறுதியில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சண்டை நின்றது. இதற்கு மண் தேடி ராஜஸ்தான் போக வேண்டாம். பண்ருட்டியில் காகிதக்கூழிலும் களிமண்ணிலும் முகம் பிடிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

சரி, பெற்றோர்களுக்கும் சேர்த்து இனிச் சொல்ல வேண்டியது மூச்சு பற்றி. மாடல் செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் கதவைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. அந்த அறையில் ஹார்டுவேர் கடைத் தின்னர் ஊற்றி ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) அடித்தால் அத்தனை ஆவியும் நுரையீரலுக்குத்தான். என்.சி. தின்னர்களில் டொலுவீன்போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் "தூக்கம் போதவில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் அடிப்பது ஆரம்பத்துக்குப் போதும், ஏர்பிரஷ் அவசரமில்லை. தின்னர் திறந்திருக்கும் அறையில் ஊதுபத்தி, குத்துவிளக்கு, கொசுவர்த்தி எதுவும் கூடாது.

ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) வார்த்த பாகங்களை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூள் காற்றில் ஏறாது. சூப்பர் க்ளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சூடேறிப் புகையும், தோலைச் சுடும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் நேராக மருத்துவமனை.

மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, கடைசியாகப் பூசும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷை அடிக்காமல் தள்ளிப்போடுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பனி படர்ந்ததுபோல வெளுத்துவிடும். நிஜ இலை, பாசி, வேர் வைப்பதானால் முழுக்க உலர்த்தி வார்னிஷ் பூசிய பிறகுதான் வைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டு டப்பாவாக வரும் பாலியூரிதேன் ரெசினை வீட்டில் வார்க்க ஆரம்பித்திருக்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. அதில் ஒரு டப்பாவில் ஐசோசயனேட் இருக்கும். சிலருக்கு அது ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். இருமலும் இளைப்பும் உடனே வராமல், வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து ராத்திரியில் வரலாம். அப்படி வந்தால் வார்ப்பதை நிறுத்திவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.